கால் நூல் வித்தியாசத்தில் ஓர் உயிர்

விபத்துச் செய்திகளின் கடைசி வரி அநேகமாக ஒன்றாகவே இருக்கும். "டிரைவரின் கட்டுப்பாட்டை இழந்த கார் சாலையோரப் பள்ளத்தில் உருண்டது." எழுதும் நிருபரும் அதற்கு மேல் கேட்பதில்லை, போலீஸ் தரப்பிலும் அதற்கு மேல் சொல்வதில்லை. டிரைவர் பிழைத்துக்கொண்டால் வழக்கும் லைசென்ஸ் பறிப்பும். பிழைக்காவிட்டால் வீட்டாருக்கு மிஞ்சுவது பழி ஒன்றுதான்.

மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் குடும்பம் நடத்தும் தமிழர்கள் ஏராளம். டாக்ஸி, டெம்போ, லாரி, கம்பெனிக் கார் என்று பல வண்டிகள். அந்த வண்டிகளின் அடியில் படுத்துப் பழுது பார்க்கும் தமிழ் மெக்கானிக்குகளும் உண்டு. இவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய கதை ஒன்று, நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஓர் உலகத்திலிருந்து வருகிறது. அது வேகத்துக்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் உலகம். அவற்றை நாம் ஓட்டப் போவதில்லை. ஆனால் அவற்றின் சக்கரங்கள் கற்றுக் கொடுத்த பாடம் நம் வண்டிக்கும் பொருந்தும்.

வளைவில் ஒருவன் பிழைப்பதும் பிழைக்காததும் சில சமயம் சக்கரம் நிற்கும் கோணத்தில், கால் நூல் வித்தியாசத்தில் இருக்கிறது. அந்தக் கால் நூலுக்கு ஓட்டுகிறவனை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. வண்டியைச் செய்தவனுக்கும் பராமரிப்பவனுக்கும் அதில் பங்கு உண்டு. இதுதான் அந்தப் பாடம்.

நாலு உள்ளங்கை ரப்பர்

எவ்வளவு பெரிய கார் ஆனாலும் அது சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஓட்டுவதும், நிறுத்துவதும், திருப்புவதும் அந்த நாலு உள்ளங்கை ரப்பரே.

ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பிவிடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. முன் டயர் புதிய திசையைப் பார்க்கிறது. கார் பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது. இந்த இழுபறியில் தரையைத் தொடும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கலில் பிறக்கும் பக்கவாட்டு விசைதான் காரை வளைவுக்குள் தள்ளுகிறது. டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் உள்ள வித்தியாசம் சில டிகிரிதான். சாதாரண டயர் சுமார் பத்து டிகிரிக்குள்ளேயே தன் பிடியின் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் திருப்பினால் வழுக்கல்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே வளைவில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், காரைப் பாதையில் பிடித்து வைக்கத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தெரியாத குறை 80 கி.மீ. வேகத்தில் பல்லைக் காட்டுவது இதனால்தான்.

நம் பட்டறைகளில் அளவைச் சொல்லும்போது 'நூல்' என்பார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் சுமார் 3 மி.மீ. நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரு நூல் வித்தியாசப்பட்டு நின்றால், அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட அரை டிகிரி திரும்பி நிற்கிறது என்று பொருள். கால் நூல் என்றால் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. மொத்தக் கணக்கே பத்து டிகிரிக்குள் முடிந்துவிடும் இடத்தில் இவை சின்ன அளவுகள் அல்ல.

மூன்று கோணங்கள்

சாலையோரக் கடைகளில் 'வீல் அலைன்மென்ட்' என்று போர்டு தொங்குவதைப் பார்க்கிறோம். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஏதேதோ எண்கள் ஓடும். அவற்றில் முக்கியமானவை மூன்று: டோ, கேம்பர், காஸ்டர்.

டோ என்பது கால் விரல். இரண்டு கால் கட்டைவிரல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒருவர் நடந்தால் அது டோ-இன். வெளிப்பக்கம் பார்த்தபடி நடந்தால் டோ-அவுட். சக்கரங்களும் அப்படியே. முன் சக்கரங்கள் சற்றே டோ-அவுட்டாக இருந்தால் கார் வளைவுக்குள் சட்டென்று பாயும். ஆனால் நேர் சாலையில் அலைபாயும். சற்றே டோ-இன் என்றால் நேராக ஓடும். திரும்பக் கொஞ்சம் சோம்பல் படும். பின் சக்கரங்களின் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. சாலையில் ஓடும் காருக்கு அங்கே சிறிது டோ-இன்தான் பாதுகாப்பு. பின் சக்கரம் டோ-அவுட்டானால் வால் பக்கம் வெளியே போகத் துடிக்கும்.

டோ தவறினால் டயருக்கும் கேடு. ஒரு சக்கரம் ஒரு டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். புது டயர் ஏன் சில மாதங்களில் மொட்டையாகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு. ஓடும் லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடிக்க இடம் கிடைக்காதவர் என்ன செய்கிறார்? காலை அகட்டி நிற்கிறார். சக்கரத்தின் மேற்புறம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்புறம் வெளியே அகன்று நின்றால் அதுவும் அப்படித்தான். இதை நெகடிவ் கேம்பர் என்பார்கள். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச் சக்கரமும் கூடவே சாயும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் டயர் தரையில் முழுதாகப் படியும். வேகக் கார்களில் இது ஒரு டிகிரி, இரண்டு டிகிரி. பந்தயத் தடத்தில் மூன்றுக்கு மேலும் வைப்பார்கள். அதற்கு விலையும் உண்டு. நேர் சாலையில் டயரின் உள் விளிம்பு சீக்கிரம் தேயும்.

காஸ்டரைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் போதும். அதன் முன் ஃபோர்க் நேர் செங்குத்தாக இல்லாமல் பின்பக்கம் சாய்ந்து இருக்கிறது. கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்ட முடிவதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. காரிலும் அதேதான். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது காஸ்டரின் வேலை. காஸ்டரைக் கூட்டினால் வேகத்தில் வண்டி ஆணி அடித்தாற்போல் நேராகப் போகும், ஸ்டீயரிங் கனக்கும். இடது சக்கரத்துக்கு ஒன்றும் வலது சக்கரத்துக்கு வேறொன்றுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இந்த மூன்றோடு இன்னொரு கணக்கும் உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகிறது. ஆகவே உள்பக்கச் சக்கரம் சற்று அதிகம் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக்காக இதற்கு வழி கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஷ்பெர்கர். அவருக்காக லண்டனில் 1818-ல் காப்புரிமை பதிவு செய்த ஏஜண்ட் ருடால்ஃப் அக்கர்மான். பெயர் நிலைத்தது என்னவோ ஏஜண்டுக்குத்தான்! இன்றும் உலகம் முழுவதும் இதை 'அக்கர்மான் கோணம்' என்றே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பல பந்தயக் கார்களில் இந்தக் கணக்கைக் குறைத்தே வைக்கிறார்கள். கடும் வேகத்தில் வெளிச் சக்கரத்தின் மேல்தான் சுமை முழுதும் விழும். அதற்குத்தான் அதிகக் கோணம் தேவைப்படுகிறது.

பின்பாரக் கார்

இனி கதைக்கு வருவோம்.

1963 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் போர்ஷே கம்பெனி ஒரு புதிய காரை வைத்தது. முதலில் அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை என்று பிரான்சின் பெஷோ கம்பெனி ஆட்சேபித்ததால் 911 ஆயிற்று. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தப் பெயரில் கார் வந்துகொண்டிருக்கிறது.

அதன் தனிச்சிறப்பும் தலைவலியும் ஒன்றே. என்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்கியது. காரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரங்களின் மேல். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் ஏற்றிய வண்டி நுகத்தைத் தூக்கும். மாடு பிடிப்பின்றித் தவிக்கும். 911-ன் முன் சக்கரங்களும் அப்படித்தான் இலேசாகத் தரையைத் தொட்டன. பின் சக்கரங்களிலோ அபாரமான பிடி. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அம்பு போலப் பாயும்.

விபத்து வளைவின் நடுவில் காத்திருந்தது.

டிரைவர் வேகமாக வளைவுக்குள் நுழைகிறார். நினைத்ததைவிட வளைவு இறுக்கமாக இருக்கிறது. பயம் வருகிறது. பயந்த மனிதன் என்ன செய்வான்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது அதுதான். சாதாரணக் காரில் அதனால் பெரும்பாலும் நன்மையே விளையும். பழைய 911-ல் அந்த நொடியில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடந்தன.

ஒன்று, காலை எடுத்ததும் எடை முன்பக்கம் சரிகிறது, பின் டயர்களின் மேல் அழுத்தம் குறைகிறது, பிடியும் குறைகிறது. இரண்டு, என்ஜின் பின் சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கிறது; மிச்சமிருக்கும் பிடியில் ஒரு பங்கு அதற்கே போகிறது. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. பின் சக்கரத்தைத் தாங்கும் கரம் ரப்பர் புஷ் வழியாக பாடியில் மாட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் பின்னோக்கி இழுபடும்போது அந்த ரப்பர் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கிறது. அதனால் சக்கரத்தின் முன் விளிம்பு வெளிப்பக்கம் திறக்கிறது. அதாவது டோ-அவுட்! கால் நூலோ, அரை நூலோதான். ஆனால் வளைவில் சுமை முழுவதையும் தாங்கி நிற்கும் வெளிப் பின் சக்கரம், எந்த நேரத்தில் உள்ளே பார்க்க வேண்டுமோ அந்த நேரத்தில் வெளியே பார்க்கிறது.

பிறகென்ன? பின்னால் தொங்கும் என்ஜினின் கனம் வாலைச் சுழற்றிவிடும். காரின் பின்பக்கம் டிரைவரை முந்திக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் போகும்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் முன் பம்பரின் இரு முனைகளிலும் 11 கிலோ எடைக்கட்டிகளை மறைத்து வைத்தார்கள். 1969-ம் ஆண்டு மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு பேட்டரிகளை முன்பக்கம் பிரித்து வைத்தார்கள். கார் அடங்கியது, முழுதும் அடங்கவில்லை. 1974-ல் பாரிஸில் காட்டப்பட்ட 911 டர்போ வந்தபோது, காலை அழுத்திச் சற்றுத் தாமதித்துத் திடீரென்று பொங்கும் சக்தியும் சேர்ந்துகொண்டது. அந்தக் காருக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர், பெண்களை விதவையாக்கும் கார் என்ற பொருள் படும்!

அந்தப் பெயரில் ஒரு பெருமையும் கலந்திருந்தது. கெட்டிக்காரன் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, சுழன்றவன் ஓட்டத் தெரியாதவன் என்பது காபிக் கடைப் பேச்சாக இருந்தது. பழி மறுபடியும் டிரைவர் தலையில்.

அமெரிக்காவில் எழுந்த கேள்வி

இதே கேள்வி அமெரிக்காவில் வேறு விதமாக வெடித்தது. 1960-ம் ஆண்டு மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கோர்வேர் என்ற காரைக் கொண்டு வந்திருந்தது. அதிலும் என்ஜின் பின்னால். பின் சக்கரங்களின் அரை ஆக்ஸில்கள் உள்முனையில் மட்டும் மடங்கும். வால் பக்கம் தூக்கினால் சக்கரம் அடியில் மடங்கிக் குனியும், கேம்பர் தலைகீழாகும். இதைச் சமாளிக்கக் கம்பெனி சொன்ன வழி டயர் காற்று. முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு. இந்த வித்தியாசத்தில்தான் காரின் ஒழுக்கமே நின்றது. பெட்ரோல் பங்க் பையன் நாலு டயருக்கும் ஒரே அளவு காற்று அடித்துவிட்டால் கணக்கு போயிற்று.

1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கோர்வேரைப் பற்றியது. டிரைவரைத் திருத்துவதிலேயே குறியாக இருக்கிறீர்களே, காரைத் திருத்த மாட்டீர்களா என்பது அவர் வாதம். கம்பெனி அவர் பின்னால் துப்பறிபவர்களை அனுப்பியது அம்பலமாகி, 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டே மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். கம்பெனி 1964-ல் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் சேர்த்தது. 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனையே மாற்றியது. 1972-ல் வெளியான அமெரிக்க அரசின் அறிக்கை, அந்நாளைய மற்றக் கார்களைவிடக் கோர்வேர் மோசமானதல்ல என்றது. ஆனாலும் நாடர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. சாதாரண மனிதன் சாதாரணமாகப் பயந்து செய்யும் ஒரு காரியத்துக்கு மரணம் தண்டனையாகலாமா?

வைசாக் கொடுத்த பதில்

பதில் போர்ஷேயின் சொந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே வந்தது. அது இருக்கும் ஊரின் பெயர் வைசாக். நம் விசாகப்பட்டினத்து வைசாக் அல்ல; ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்.

1977-ல் ஜெனீவா கண்காட்சியில் வந்த 928 என்ற காரில் 'வைசாக் ஆக்ஸில்' முதல் முறையாக இடம் பெற்றது. அதன் தத்துவம் எளிமையானது. ரப்பர் நசுங்கத்தான் செய்யும். ரப்பர் இல்லாமல் இரும்பை இரும்போடு கட்டினால் கார் கட்டை வண்டி போல அதிரும். நசுங்குவதைத் தடுக்க முடியாவிட்டால், நசுங்கும்போது சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையாவது மாற்றலாம் அல்லவா?

கதவை எண்ணிப் பாருங்கள். கீல் இருக்கும் பக்கத்தைப் பொறுத்து ஒரே தள்ளலில் கதவு இந்தப் பக்கமும் திறக்கலாம், அந்தப் பக்கமும் திறக்கலாம். வைசாக் பொறியாளர்கள் பின் கரத்தின் முன் கீலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊசலாடும் சிறு இணைப்பு ஒன்றைக் கோணம் பார்த்து வைத்தார்கள். இப்போது சக்கரம் பின்னோக்கி இழுபட்டால், அதன் முன் விளிம்பு உள்பக்கம் மூடுகிறது. டோ-அவுட் போய் டோ-இன்!

வலப்பக்க வளைவில் இதன் பலனைப் பாருங்கள். இடது பின் சக்கரம்தான் பெரும் சுமையைத் தாங்குகிறது. டிரைவர் பயந்து காலை எடுக்கிறார். அந்த இழுப்பாலேயே இடது பின் சக்கரம் சற்று வலப்பக்கம் திரும்புகிறது. வாலை வெளியே விடாமல் வளைவுக்குள் பிடித்துக்கொள்கிறது. மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. எந்தப் பயம் முன்பு காரைச் சுழற்றியதோ, அந்தப் பயமே இப்போது காரை நிலைநிறுத்துகிறது.

928 அடுத்த ஆண்டு, 1978-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசைப் பெற்றது. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. 911-க்குப் பதிலாக வந்த அந்தக் கார் 1995-ல் நின்றுபோக, 911 நிலைத்தது என்பது வேறு கதை. ஆனால் பாடம் வீணாகவில்லை. 1993-ல் 911-க்கும் புதிய பின் சஸ்பென்ஷன் கிடைத்தது. காலை எடுத்தால் சுழலும் பழைய குணம் பெரும்பாலும் அடங்கியது. 2013-ல் வந்த 911 டர்போவில் பின் சக்கரங்களை மின்சார மோட்டார்களே திருப்பின, அதிகபட்சம் 2.8 டிகிரி. மணிக்கு 50 கி.மீ.க்குள் முன் சக்கரங்களுக்கு எதிர்த் திசையில். கார் குறுகிய இடத்தில் திரும்பிவிடும். 80 கி.மீ.க்கு மேல் அதே திசையில். கார் நிலையாக நிற்கும்.

கை அறியும் செய்தி

ஸ்டீயரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 911-ல் ஆரம்பத்திலிருந்தே ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்தான். இந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. 2014 வரை தயாரான நம் அம்பாசிடரிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது! பல் சக்கரம் ஒன்று பல் வெட்டிய தண்டை இடமும் வலமும் தள்ளும். இடையில் தளர்ச்சிக்கு இடம் குறைவு. சாதாரணக் காரில் சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டீயரிங்கை 15 முதல் 20 டிகிரி திருப்ப வேண்டியிருக்கும். வேகக் காரில் அதைவிடக் குறைவாக வைப்பார்கள். மிகவும் குறைத்தால் தும்மினால்கூட கார் தடம் மாறும்.

நல்ல ஸ்டீயரிங் கைக்குச் செய்தி சொல்லும். வளைவில் முன் டயர் உழைக்க உழைக்க ஸ்டீயரிங் கனக்கும். பிடியின் எல்லை நெருங்கும்போது, டயர் வழுக்குவதற்குச் சற்று முன்பே அந்தக் கனம் குறையத் தொடங்கும். அனுபவமுள்ள டிரைவர் அந்த இலேசை உணர்ந்ததும் 'போதும்' என்று வேகத்தை அடக்குவார். காஸ்டரை அளவுக்கு மீறிக் கூட்டினால் அந்தக் கனம் இறங்குவது கைக்குத் தெரியாமல் போகும். டை ராட் முனைகள் தேய்ந்து ஸ்டீயரிங்கில் ப்ளே விழுந்திருந்தாலும் அப்படியே. டெலிபோன் வயர் அறுந்தாற்போல!

ரயில் சக்கரத்தின் புத்தி

தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் சக்கரம் என்பது ஜெர்மன்காரர்களின் அதிசயம் மட்டுமல்ல. நாம் தினமும் ஏறும் ரயிலின் சக்கரம் அந்த வேலையை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறது. ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. விளிம்புதான் சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு கடைசிக் காவல்தான். சக்கரத்தின் ஓடும் பரப்பு சற்றே கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது. வழக்கமான அளவு இருபதுக்கு ஒன்று. வளைவில் வண்டி வெளிப்பக்கம் நகர்ந்தால், வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். ஆகவே அந்த ஜோடி தானாகவே வளைவின் பக்கம் திரும்புகிறது. கர்ஜத்திலிருந்து லோனாவ்லாவுக்கு மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கூம்பும் விளிம்பும் மாறி மாறி உழைக்கின்றன. பெட்டியில் தூங்குகிறவருக்கு அது தெரிவதில்லை.

நம் வண்டிக்கு என்ன?

போர்ஷேயின் ஆக்ஸில் நம் வண்டியில் இல்லை. ஆனால் டோவும் கேம்பரும் ரப்பர் புஷ்ஷும் எல்லா வண்டியிலும் உண்டு. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் கவனிக்க வேண்டியவை சில.

அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் காற்றைப் பாருங்கள். முன் டயருக்கும் பின் டயருக்கும் கம்பெனி வெவ்வேறு அளவு சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குப் பல சமயம் காற்றுக் குறைவே காரணமாக இருக்கும்.

அடுத்தது தேய்மானம். டை ராட், பால் ஜாயின்ட், புஷ், பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும். தளர்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் ஸ்டூலின் மேல் தராசு வைத்து நிறுப்பது போலத்தான். நிற்கும்போது எண் சரியாக இருக்கும்; பிரேக் போட்டதும் சக்கரம் வேறு பக்கம் பார்க்கும்.

டயரைத் தடவிப் பாருங்கள். உள் விளிம்பு மட்டும் அல்லது வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர்; ரம்பப் பல் போல ஒரு பக்கம் கூராக உறுத்தினால் டோ. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

பின் சக்கரங்களைத் தனியாகச் சரி செய்யும் வசதியுள்ள வண்டியானால் அவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாவிட்டாலும் அளந்து பார்ப்பது நல்லது. பின் ஆக்ஸில் கோணலாக இருந்தால், முன்னால் எவ்வளவு சரி செய்தாலும் வண்டி நண்டு போலத்தான் ஓடும். பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகும், சஸ்பென்ஷனில் கை வைத்த பிறகும் அளவு பார்ப்பது கட்டாயம்.

கம்ப்யூட்டர் மெஷின் இல்லாத கடையைக் கேவலமாக எண்ண வேண்டாம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல, காரின் இரு பக்கமும் நூல் கட்டி, சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் அளந்து டோ பார்க்கும் முறை இன்றும் பந்தய மைதானங்களில் நடக்கிறது. கை சுத்தமாக இருந்தால் அந்த நூல் பொய் சொல்லாது.

கடைசியாக, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தும் மோகம். பார்க்க வேகக் கார் போல இருக்கும். ஆனால் கார் தாழ்ந்ததும் டை ராட் வேறு கோணத்தில் நிற்கிறது. சக்கரம் ஒவ்வொரு முறை மேடு ஏறி இறங்கும்போதும் அந்த ராட் சக்கரத்தை இழுத்தும் தள்ளியும் விடும். ஸ்டீயரிங்கை யாரும் தொடாமலே கார் திரும்பும். 911-ஐத் தாழ்த்துகிறவர்கள்கூட ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் தகடு வைத்து அதையும் உயர்த்திய பிறகே சாலைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

அந்தக் கடைசி வரி

இவ்வளவும் சொன்னது, வேகமாக ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் என்றும் முதல் விதி. எந்த ஆக்ஸிலும் அந்த விதியைத் தளர்த்தவில்லை.

ஆனால் ஒரு டிரைவர் தவறியபோது அவர் வண்டி என்ன செய்தது என்பதையும் கேட்க வேண்டும். புஷ் மாற்ற வேண்டும் என்று அவர் மூன்று மாதமாக முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். டயர் உள்பக்கம் தேய்ந்து நூல் தெரிந்திருக்கலாம். ஆகவே டிரைவர் நண்பர்கள் அப்படிச் சொல்வதை வாயால் மட்டும் சொல்லாமல், தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது. அலைன்மென்ட் கடையில் தரும் அச்சிட்ட அளவுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். "கட்டுப்பாட்டை இழந்தது" என்று யாராவது எழுத வரும் நாளில், உங்களுக்காகப் பேச அந்தக் காகிதமாவது இருக்கும்.